தேயிலைச் சிப்பமும் கப்பல் சத்தமும்

கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகும் பஸ், மலை ஏறுமுன் கல்லாற்றை அடைகிறது. கல்லாறு என்றதும் நம்மவர்களுக்கு மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறும் அதன் பழப்பண்ணையும்தான் நினைவுக்கு வரும். இது வேறு கல்லாறு. வாமனபுரம் ஆற்றுக்குத் தண்ணீர் கொடுக்கும் மலையாறு. படுகை முழுவதும் உருண்டைக் கற்கள். இங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. மேலே போகப் போகத் தேயிலைத் தோட்டங்கள். இந்த மலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ள வந்த குடும்பங்களில் பல, திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணிமார் கூட்டி வந்தவை.

தோட்டத்துத் தேயிலை லாரியில் இறங்குகிறது. லாரி வாடகையை நெல்லைப் பக்கம் 'வண்டிச் சத்தம்' என்பார்கள். வண்டிச் சத்தத்தைப் பேரம் பேசிக் குறைக்க முடியும். ஒரு லாரிக்காரர் ஒப்பாவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடலாம். ஆனால், கொச்சித் துறைமுகத்தில் கப்பல் ஏறும் தேயிலைக்குக் 'கப்பல் சத்தம்' யார் தீர்மானிப்பது? பேரம் பேச அங்கே இடம் உண்டா?

இந்தக் கேள்வியை வைத்து ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக உலகெங்கும் ஒரு போராட்டம் நடந்து வருகிறது. கப்பல் கம்பெனிகள் ஒரு பக்கம். சரக்கு அனுப்பும் வியாபாரிகளும் தோட்டக்காரர்களும் ஆலைக்காரர்களும் மறு பக்கம். இந்தப் போராட்டத்தில் நாடு விட்டு நாடு கைகோத்தவர்கள் உண்டு. அவர்கள் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு.

கட்டணம் மலைக்குத் திரும்பும் விதம்

கப்பல் கட்டணம் உயர்ந்தால் அது வியாபாரியின் பாடு, தோட்டத்தில் கொழுந்து கிள்ளுபவருக்கு என்ன என்று தோன்றலாம். கணக்கு அப்படி இல்லை.

அயல்நாட்டில் தேயிலை வாங்குபவர், இலங்கை, கென்யா, வியட்நாம் என்று பல நாட்டுத் தேயிலைகளையும் பார்த்துத்தான் விலை சொல்கிறார். கொச்சியிலிருந்து வரும் சிப்பத்துக்குக் கப்பல் சத்தம் கூடிவிட்டது என்பதற்காக அவர் அதிக விலை தரமாட்டார். ஆகவே ஏற்றுமதியாளர், கட்டண உயர்வை மனத்தில் வைத்துக்கொண்டு, ஏலத்தில் அந்த அளவுக்குக் குறைத்துக் கேட்கிறார்.

உதாரணத்துக்கு ஒரு கன்டெய்னரில் பத்தாயிரம் கிலோ தேயிலை ஏறுவதாக வைத்துக்கொள்வோம். கப்பல் கட்டணம் ஒரு லட்சம் ரூபாய் கூடினால், கிலோவுக்குப் பத்து ரூபாய். ஏலத்தில் அந்தப் பத்து ரூபாயில் ஒரு பகுதியேனும் குறையும். கொச்சியில் 1947 முதல் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. அங்கே விழும் விலை தோட்டத்தின் கணக்குப் புத்தகத்துக்கு வருகிறது. சம்பளமும் போனஸும் பேச உட்காரும்போது நிர்வாகம் முதலில் நீட்டுவது அந்தப் புத்தகத்தைத்தான்.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 130 கோடி கிலோ தேயிலை விளைகிறது. 2024-ல் ஏறக்குறைய 25 கோடி கிலோ வெளிநாடு சென்றது. இராக், ஐக்கிய அரபு நாடுகள், ஈரான், ரஷ்யா முதலியவை இதை வாங்குகின்றன. எல்லாம் கடல் கடந்த வாடிக்கைக்காரர்கள். உலக வாணிபத்தில் எடைக் கணக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கப்பலில்தான் போகிறது என்பது ஐ.நா. வர்த்தக வளர்ச்சி அமைப்பின் கணக்கு.

கல்கத்தாவில் பிறந்த கூட்டு

கப்பல் கம்பெனிகள் தமக்குள் பேசி ஒரே கட்டணம் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குக் 'கான்ஃபரன்ஸ்' என்று பெயர். மாநாடு என்று மொழிபெயர்த்தால் பொருள் மாறிவிடும். இது கட்டணக் கூட்டு. இதன் முதல் உதாரணமாகச் சொல்லப்படுவது நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது. 1875-ல் பிரிட்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல் கம்பெனிகள் கூடி அமைத்ததுதான் அது.

கட்டணத்தை ஒன்றாக வைத்தால் மட்டும் போதாது, வியாபாரி வெளிக் கப்பலைத் தேடிப் போகாமலும் தடுக்க வேண்டும். அதற்காக 1877-ல் ஓர் உபாயம் வந்தது. வியாபாரி முழுக் கட்டணத்தையும் முதலில் கட்டிவிட வேண்டும். குறிப்பிட்ட காலம் வரை கூட்டுக் கப்பல்களிலேயே சரக்கு அனுப்பி வந்தால், பிறகு ஒரு பகுதி திருப்பித் தரப்படும். இடையில் ஒரே ஒரு தடவை வெளிக் கப்பலில் அனுப்பிவிட்டாலும் சேர்ந்திருந்த தள்ளுபடி அத்தனையும் போயிற்று. வியாபாரியின் பணமே வியாபாரியைக் கட்டிப்போடும் கயிறானது.

இந்தக் கயிற்றை அறுக்கப் பார்த்தவர்கள் கோர்ட்டுக்கும் போனார்கள். சீனத்து ஹாங்கோ துறையிலிருந்து லண்டனுக்குத் தேயிலை ஏற்றும் கூட்டில் மொகல் ஸ்டீம்ஷிப் கம்பெனியைச் சேர்க்கவில்லை. 1885-ல் அது தன் கப்பல்களை அங்கே அனுப்பியது. கூட்டுக்காரர்கள் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கினார்கள். தங்களிடம் மட்டும் சரக்குத் தரும் வியாபாரிகளுக்கு 5 சதவிகிதத் தள்ளுபடியும் உண்டு. மொகல் கம்பெனி வழக்குப் போட்டது. 1891 டிசம்பரில் பிரபுக்கள் சபை, இது வியாபாரப் போட்டிதான், குற்றமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இதே போன்ற அடியைத் தமிழ்நாடு நேரில் கண்டிருக்கிறது. 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், தூத்துக்குடி - கொழும்பு மார்க்கத்தில் அதுவரை ஏகபோகமாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் பயணிகளை இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பது நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்த கதை. 1908-ல் வ.உ.சி. சிறை சென்றார். கம்பெனி நிலைக்கவில்லை. நஷ்டத்தைத் தாங்கும் பலம் எவருக்கு அதிகமோ அவர் கட்டணத்தைக் குறைத்து எதிரியை வீழ்த்தலாம், வீழ்த்திய பிறகு விரும்பியபடி உயர்த்தலாம். தேயிலைக்காரரும் பருத்திக்காரரும் பயந்தது இதற்குத்தான்.

அனுப்புவோருக்கும் ஒரு சங்கம்

பிரிட்டனிலேயே புகார்கள் பெருகியதால் 1906-ல் ராயல் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. 1909-ல் வந்த அறிக்கையில் கமிஷனின் பெரும்பான்மையினர், கூட்டை ஒழிக்கச் சொல்லவில்லை. சரக்கு அனுப்புவோரும் சங்கம் சேர்ந்து கூட்டாகப் பேரம் பேசட்டும் என்றார்கள். தொழிலாளிக்குச் சொல்லும் அதே யோசனை முதலாளிக்குச் சொல்லப்பட்டது!

இந்த யோசனை பலிக்க வெகுகாலம் பிடித்தது. 1955-ல் பிரிட்டனில் சரக்கு அனுப்புவோர் கவுன்சில் அமைந்தது. பிற ஐரோப்பிய நாடுகளிலும் இத்தகைய கவுன்சில்கள் வந்தன. 1963 டிசம்பரில் ஐரோப்பியக் கவுன்சில்களும் கப்பல் சொந்தக்காரர்களும் ஓர் உடன்பாட்டுக் குறிப்பில் கண்டபடி, கட்டண உயர்வு முதலிய விஷயங்களில் கலந்து பேசச் சம்மதித்தனர். ஒரு நாட்டு வியாபாரி தனியாகப் போய் நின்றால் கேட்காத காதுகள், பல நாட்டுக் கவுன்சில்கள் சேர்ந்து வந்தபோது கேட்கத் தொடங்கின.

மறு ஆண்டு 1964-ல் ஜெனீவாவில் ஐ.நா. வர்த்தக வளர்ச்சி மாநாடு முதன்முதலாகக் கூடியது. ஏழை நாடுகளிலும் இத்தகைய கவுன்சில்கள் அமைய வேண்டும், கப்பல் கூட்டுகள் அவற்றோடு கலந்து பேச வேண்டும் என்று அங்கே பொது இணக்கம் கண்டனர். தேயிலையை நம்பி வாழும் இலங்கை இதில் முந்திக்கொண்டது. 1966-ல் கொழும்பில் கவுன்சில் தொடங்கியது. 1960-களிலேயே இந்தியாவிலும் அகில இந்திய அளவில் ஒரு கவுன்சில் தோன்றியது. பிற்பாடு வங்கதேசம், இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நான்கு நாட்டுக் கவுன்சில்களும் ஒரே சங்கமாகக் கூடின. எல்லையில் துப்பாக்கி நீட்டிய நாடுகள் கூட, சணலுக்கும் தேயிலைக்கும் பருத்திக்கும் கப்பல் சத்தம் பேசும்போது ஒரே பெஞ்சில் உட்கார்ந்தன.

இந்தக் கவுன்சில்கள் செய்தது என்ன? கொச்சி வில்லிங்டன் தீவில் ஏற்றுமதி ஆபீசில் பேனா பிடித்த எந்தக் குமாஸ்தாவைக் கேட்டாலும் தெரியும், அடிப்படைக் கட்டணம் ஒன்று, அதன் மேல் ஏறும் உபரிகள் ஒன்பது. எண்ணெய் விலை ஏறினால் ஓர் உபரி. நாணய மதிப்பு மாறினால் ஓர் உபரி. துறைமுகத்தில் நெரிசல் என்றால் இன்னொன்று. 1967 ஜூனில் சூயஸ் கால்வாய் மூடப்பட்டு 1975 ஜூன் வரை திறக்கவில்லை. எட்டு ஆண்டுகள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போன கப்பல்களுக்குச் சூயஸ் உபரி என்ற பெயரில் தனித் தொகை போயிற்று. உபரி எந்தக் கணக்கில் வந்தது, காரணம் நீங்கியபின் உபரியும் நீங்கியதா என்று கேட்பதே கவுன்சில்களின் அன்றாட வேலை. அதற்குக் கணக்கு வேண்டும். கப்பல்காரரின் கணக்கு அவர் பெட்டிக்குள் இருக்கும். அயல்நாட்டுக் கவுன்சில் தன் அனுபவத்தைச் சொன்னால்தான் இங்குள்ளவருக்குப் பிடி கிடைக்கும். சர்வதேச ஒத்துழைப்பு இப்படித் தகவல் பரிமாற்றமாகத்தான் தொடங்கியது.

நாற்பது, நாற்பது, இருபது

பேச்சு வார்த்தை மட்டும் போதாது, சட்டம் வேண்டும் என்று வளரும் நாடுகள் கோரின. அதன் பலன்தான் 1974 ஏப்ரல் 6-ல் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட கப்பல் கூட்டுகளின் நடத்தை விதி. இலங்கை 1975-லும் இந்தியா 1978-லும் இதை ஏற்றன. ஆனால் உலகக் கப்பல் தொகையில் குறைந்தது கால் பங்கு கொண்ட நாடுகள் சேராமல் விதி அமலுக்கு வராது. மேற்கு ஜெர்மனியும் நெதர்லாந்தும் சேர்ந்த பிறகு, 1983 அக்டோபர் 6-ல்தான் அது உயிர் பெற்றது. அமெரிக்கா சேரவேயில்லை.

இந்த விதியில் இரண்டு அம்சங்கள் முக்கியமானவை. கூட்டு ஏற்றும் சரக்கில், அனுப்பும் நாட்டின் கப்பல்களுக்கும் பெறும் நாட்டின் கப்பல்களுக்கும் சம பங்கு. மூன்றாம் நாட்டுக் கப்பல்களுக்கு ஒரு பங்கு. இதையே 40:40:20 என்று சுருக்கமாகச் சொன்னார்கள். இரண்டாவது, பொதுவான கட்டண உயர்வுக்குப் பொதுவாக 150 நாட்கள் முன்னறிவிப்புக் கொடுத்து, சரக்கு அனுப்புவோரோடு கலந்து பேச வேண்டும்.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. 1961-ல் அமைந்த இந்தியக் கப்பல் கார்ப்பரேஷனும் பல கூட்டுகளில் அங்கம் வகித்தது. சர்க்காருக்கு ஒரு கையில் கப்பல், மறு கையில் தேயிலை. கட்டணம் ஏறினால் கப்பலுக்கு லாபம், தேயிலைக்கு நஷ்டம். முதல் பங்கை நாட்டுக் கப்பலுக்கு வாங்கித் தந்த அதே விதியின் கீழ், இரண்டாவது அம்சத்துக்காகத் தேயிலைக்காரர் வாதாட வேண்டியிருந்தது.

அதற்குள் காலம் மாறிவிட்டது. கொச்சியில் 1973 நவம்பரில் 'பிரெசிடென்ட் டைலர்' என்ற கப்பல் இந்தியாவின் முதல் கன்டெய்னர்களோடு வந்து நின்றது. தேயிலைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிய கைகளுக்குப் பதில் கிரேன் வந்தது. கூட்டில் சேராத பெரிய கன்டெய்னர் கம்பெனிகள் வளர்ந்தன. நடத்தை விதி அமலுக்கு வந்தபோது, அது கட்டுப்படுத்த நினைத்த கூட்டுகளே பலவீனமாகத் தொடங்கியிருந்தன.

ஐரோப்பாவில் ஒரு வெற்றி, கொழும்பில் ஒரு பரீட்சை

ஐரோப்பாவில் கப்பல் கூட்டுகளுக்கு 1986-ன் சட்டம் ஒன்று தனிச் சலுகை தந்திருந்தது. மற்ற எந்தத் தொழிலில் போட்டியாளர்கள் கூடி விலை வைத்தாலும் அபராதம். கப்பல் கம்பெனிகளுக்கு மட்டும் விலக்கு. இந்த விலக்கை எதிர்த்து ஐரோப்பியக் கவுன்சில் ஆண்டுக்கணக்கில் வாதாடியது. 2006-ல் சட்டம் ரத்தாகி, 2008 அக்டோபர் 18 முதல் ஐரோப்பியத் துறைமுகங்களுக்குப் போகும் வரும் மார்க்கங்களில் கூட்டுக் கட்டணம் சட்டவிரோதமானது. கொச்சியிலிருந்து ரோட்டர்டாம் போகும் சரக்குக்கும் இது பொருந்தும். ஐரோப்பிய வியாபாரிகள் வாதாடி வென்றதில் இந்தியத் தேயிலைக்காரருக்கும் பங்கு கிடைத்தது. பல நாட்டு அமைப்புகள் சேர்ந்த உலகளாவிய சரக்கு அனுப்புவோர் மன்றம் 2011-ல் பிரிட்டனில் சட்டப்படி பதிவாயிற்று.

கூட்டுக் கட்டணம் போயிற்று, உபரிகள் போகவில்லை. கன்டெய்னரைத் துறைமுகத்தில் இறக்கி ஏற்றும் கூலி என்று தனியாக ஒரு தொகை, ஆவணத்துக்கு ஒரு தொகை, முத்திரைக்கு ஒரு தொகை என்று பில் நீண்டது. அயல்நாட்டு வாங்குபவர் கட்டணம் பேசி முடித்த பிறகு, இங்குள்ள ஏற்றுமதியாளரின் தலையில் இவை தனியே இறங்கின.

இதற்கு இலங்கை 2013-ன் இறுதியில் ஒரு வழி செய்தது. கப்பல் கட்டணம் பேசியவர் எல்லாம் சேர்த்த ஒரே தொகையைக் கட்ட வேண்டும், மற்றவரிடம் உபரி எதுவும் தனியாக வாங்கக் கூடாது என்று விதி போட்டது. கப்பல் ஏஜென்டுகள் எதிர்த்தனர். உபரியை எடுத்தால் அடிப்படைக் கட்டணத்தில் சேர்ந்துகொள்ளும், மொத்தம் குறையாது என்பது அவர்கள் வாதம். உலக மன்றம் இலங்கைக்குப் பக்கபலமாக நின்றது. மொத்தம் குறைகிறதோ இல்லையோ, பேரம் பேசும்போதே முழுத் தொகை தெரிய வேண்டும் என்றது. பொட்டலத்தின் மேல் விலை அச்சடித்திருக்க வேண்டும் என்று ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் கேட்பதும் இதுதான்.

இன்றைய நிலைமை

கொரோனாக் காலத்தில் இந்த விவகாரம் பொதுமக்கள் வரை எட்டியது. 2021 செப்டம்பரில் உலகின் முக்கிய மார்க்கங்களில் 40 அடிக் கன்டெய்னர் ஒன்றுக்குச் சராசரிக் கட்டணம் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. காலிக் கன்டெய்னர் கிடைக்காமல் ஏற்றுமதியாளர்கள் காத்துக் கிடந்தார்கள். இந்த ஏற்றம் நீடித்தால் உலகில் இறக்குமதி விலைகள் 11 சதவிகிதமும், கடைச் சரக்கு விலைகள் 1.5 சதவிகிதமும் உயரக்கூடும் என்று ஐ.நா. அமைப்பு அந்த ஆண்டே கணித்தது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், சூயஸ் மூடிய காலத்தைப் போலவே கப்பல்கள் மீண்டும் ஆப்பிரிக்காவைச் சுற்றின. உபரிகளும் மீண்டும் வந்தன.

பழைய கூட்டுகள் இன்று இல்லை. ஆனால் உலகக் கன்டெய்னர் கப்பல்களின் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பத்துக் கம்பெனிகளின் கையில் இருக்கிறது. அவை ஒன்றின் கப்பலில் மற்றொன்றின் சரக்கை ஏற்றிக்கொள்ளும் உடன்பாடுகள் வைத்திருக்கின்றன. கட்டணத்தைச் சேர்ந்து வைக்கக் கூடாது. எத்தனை கப்பல் ஓட வேண்டும் என்பதைச் சேர்ந்து தீர்மானிக்கலாம் என்றிருந்தது நிலை. கப்பலைக் குறைத்தால் கட்டணம் தானே ஏறாதா என்று சரக்கு அனுப்புவோர் கேட்டார்கள். இந்த உடன்பாடுகளுக்கு ஐரோப்பா தந்திருந்த தனி விலக்கு, 2024 ஏப்ரல் 25-ல் காலாவதியானது, புதுப்பிக்கப்படவில்லை. அமெரிக்காவில் 2022 ஜூனில் வந்த சட்டம், நியாயமின்றி ஏற்றுமதிச் சரக்கை ஏற்க மறுப்பதையும் காரணமற்ற தாமதக் கட்டணங்களையும் கட்டுப்படுத்தியது. அங்கே அதற்காக அழுத்தம் தந்தவர்களில் விவசாய ஏற்றுமதியாளர்கள் முன்னணியில் இருந்தனர்.

கல்லாறு இருக்கும் அதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் எழுந்திருக்கிறது. 2024 ஜூலை 11-ல் முதல் பெரிய கன்டெய்னர் கப்பல் 'சான் ஃபெர்னாண்டோ' அங்கே வந்தது. 2025 மே 2-ல் பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். கொழும்பில் கப்பல் மாறிய இந்தியச் சரக்கை இங்கே கொண்டுவருவது நோக்கம். முதல் கட்டத்தில் பெரும்பாலும் கப்பலிலிருந்து கப்பலுக்குச் சரக்கு மாற்றும் வேலையே நடந்தது. துறைமுகம் பக்கத்தில் வந்ததால் மட்டும் கட்டணம் குறைந்துவிடாது. எத்தனை கம்பெனிகளின் கப்பல்கள் அங்கே போட்டியிட்டு வருகின்றன, உள்ளூர்ச் சரக்கு ஏற சாலையும் ரயிலும் எப்படி, கட்டண விஷயத்தில் யாரைக் கலந்து பேசுகிறார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது அது.

தோட்டத்துக்கு என்ன மிஞ்சும்?

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மலையின் கஷ்டங்கள் அத்தனைக்கும் கப்பல் சத்தத்தின் மேல் பழி போட முடியாது. விதுராவுக்கு மேலே போணக்காட்டில் தேயிலை ஆலை ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. லயங்கள் இடிந்து, சம்பளப் பாக்கிக்காகத் தொழிலாளர்கள் காத்திருந்த கதையைத் தென் கேரளத் தமிழர் எவரும் அறிவர். அங்கே கெட்டது கப்பலால் அல்ல. உள்நாட்டில் விற்கும் தேயிலைக்கும் கப்பல் கட்டணத்துக்கும் நேரடித் தொடர்பும் இல்லை.

அதேபோல, கவுன்சில்கள் வாதாடிக் கட்டணத்தைக் குறைத்தாலும் அந்த மிச்சம் கொழுந்துக் கூடை வரை வந்து சேரும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. கவுன்சிலில் உட்காருபவர்கள் ஏற்றுமதியாளர்களும் பெரிய கம்பெனிகளும். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு அங்கே நாற்காலி இல்லை. தொழிலாளிக்குக் கேள்வியே இல்லை.

மலையிலிருந்து அந்தப் பாக்கியை வசூலிக்க வேறு வழி வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாட்களில் போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவிகிதம் கிடைத்தது. தேயிலை விலை சரிந்துவிட்டது என்ற கணக்குப் புத்தகம் அன்றும் நீட்டப்பட்டதுதான்.

அந்தப் புத்தகத்தில் கப்பல் கட்டணம் என்ற வரியும் ஒன்று உண்டு. தோட்டக்காரர்கள் உலகெங்கும் சங்கம் சேர்ந்து, கப்பல்காரரிடம் கேட்டது இரண்டே விஷயங்கள். உயர்வுக்கு முன் எங்களைக் கலந்து பேசுங்கள். உங்கள் கணக்கைக் காட்டுங்கள். கல்லாற்றுக்கு மேலே கொழுந்து கிள்ளுபவர், போனஸ் பேச உட்காரும் நாளில், தம் முதலாளியிடம் அதே இரண்டையும் கேட்க முழு உரிமை உடையவர்.